கமராவுக்குப் பக்கத்தில் நின்றவள்

வருகிற சனிக்கிழமையிலிருந்து வகுப்பெடுக்கப்போகும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்று என்னைக் கேட்டார்கள். நல்லதாகத்தான் சொல்ல வேண்டும் என்று யாரும் நிபந்தனை போடவில்லை. அதனால் பொறாமையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். மூச்சுப் பயிற்சி, குரல் பயிற்சி எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் பிள்ளைகள் முதல் வாரமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: என் பெயர் பிலோமினா. ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். ரேடியோ நாடகத்தில் தொடங்கி, பிறகு தொலைக்காட்சி நாடகங்களில் நடித்தேன். சிங்கள நாடகங்களில் நீங்கள் என்னைப் பார்த்திருப்பீர்கள், ஆனால் அடையாளம் தெரிந்திருக்காது. தலையில் கூடையோடு வருவேன், தொரைக்கு ஒரு கும்பிடு போடுவேன், உடைந்த சிங்களத்தில் ஒரு வரி பேசுவேன், அடுத்த வாரம் செத்துப்போயிருப்பேன். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். உடைத்துப் பேசச் சொல்வார்கள். அந்த வேலைக்கு நடுவில், சனி ஞாயிறுகளில் இந்தப் பதுளைப் பள்ளிக்கூடத்துக்கு வந்து நடிப்புச் சொல்லிக்கொடுத்தேன். போன மாதம்தான் முழங்கால் போதும் என்று சொல்லிவிட்டது.

பள்ளிக்கூடம் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் மேலே அழுது பழகும்போது கீழே துணி எடுக்க வந்தவர்கள் பயந்துபோய் அண்ணாந்து பார்ப்பார்கள். "ஒண்டுமில்ல, அழுற பாடம் நடக்குது" என்று சொல்லிவிட்டு, நாங்கள் நானா என்று கூப்பிடும் கடைக்காரர் அடுத்த சேலையை விரிப்பார். இப்போதும் அதைத்தான் சொல்கிறார். அவரோடு நல்லபடியாக இருங்கள், மழை நாளில் குடை கொடுப்பார்.

இந்தப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியவரை நாங்கள் எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிட்டோம். அவர் போட்ட ஒரு வழக்கம் இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை காலையில், வகுப்புகள் பிரிவதற்கு முன்னால், அந்த வாரம் வெளியே நடித்துவிட்டு வந்த ஆசிரியர் பிள்ளைகள் முன்னால் எழுந்து நிற்க வேண்டும். இயக்குநர் வேண்டாம் என்று விட்ட டேக் ஒன்றை அப்படியே நடித்துக் காட்ட வேண்டும். படத்தில் வரப்போவதை அல்ல, தள்ளிவிட்டதை. அது ஏன் சரிவரவில்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஆசிரியர் வாயைத் திறக்கக்கூடாது. வெளியே வேலை இல்லாத ஆசிரியர்கள் பின்பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கேட்பதற்கு நல்ல வழக்கம் மாதிரி இருக்கிறது இல்லையா? பின்பெஞ்சில் தொடர்ந்து உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும்.

ஒரு காலத்தில் எனக்கு வேலை வருவது நின்றுபோனது. அம்மா வேஷத்துக்கு முற்றிப்போய்விட்டேன், பாட்டி வேஷத்துக்கு இன்னும் பழுக்கவில்லை என்று ஒரு தயாரிப்பாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதே நேரத்தில் என்னோடு இங்கே வகுப்பெடுத்த மெர்சிக்கு ஒன்றன்பின் ஒன்றாக வேலை வந்தது. மெர்சி வெலிமடைக்காரி. என்னைவிடக் கொஞ்சம் இளையவள். புருஷன் உருளைக்கிழங்கு போடுகிறவர். வாரந்தவறாமல் லீக்ஸ், கரட் எல்லாம் பையில் கொண்டுவந்து எங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பாள். அவள் வீட்டுக் கரட்கூட நேராக வளரும். அதைப் பார்த்தாலும் எனக்கு எரியும்.

சனிக்கிழமை தோறும் மெர்சி எழுந்து நிற்பாள். "இந்த டேக்ல நான் சீக்கிரமா அழுதுட்டேன்." "இதுல கதவத் திறக்கிறப்ப யாரு வரப்போறான்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சு." இப்படி அவள் தள்ளுபடியானதை எல்லாம் நடித்துக் காட்ட, பிள்ளைகள் உற்சாகமாகக் கை தூக்கிக் குறை சொல்வார்கள். அவளும் சிரித்தபடி கேட்டுக்கொள்வாள். பின்பெஞ்சில் இருந்த எனக்கு அவளுடைய நல்ல நடிப்பின் மேல்கூட அவ்வளவு பொறாமை இல்லை. அவள் தோற்றதன் மேல்தான் இருந்தது. தோற்பதற்காவது அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது, எனக்கு அதுவும் இல்லை. பொறாமை இந்த அளவுக்குப் போகும் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை.

என்னை மாதிரியே பின்பெஞ்சில் சலித்துப்போன இன்னொரு ஆசிரியர் இருந்தார். பேர் வேண்டாம், இப்போது கண்டியில் நன்றாக இருக்கிறார். ஒரு சனிக்கிழமை திடீரென்று எழுந்து, கொழும்பில் ஒரு விளம்பரத்துக்கு நடித்துவிட்டு வந்ததாகச் சொல்லி, தள்ளிவிட்ட டேக் என்று ஒன்றை நடித்துக் காட்டினார். பிள்ளைகள் யோசித்து யோசித்துப் பார்த்தார்கள். ஒருவரும் கை தூக்கவில்லை. கடைசியில் ஒரு பெண்பிள்ளை அவரிடமே, "சேர், இதுல ஒரு குறையும் இல்லையே, ஏன் வேணாம்னாங்க?" என்று கேட்டாள். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. விளம்பரமும் இல்லை, டேக்கும் இல்லை. பொய்யாகத் தோற்றுக் காட்டுவது எவ்வளவு கஷ்டம் பாருங்கள். தெரிந்தே பிழை விடும்போதும் நம்மை அழகாகக் காட்டத்தான் கை போகிறது. வகுப்பில் பிள்ளைகளுக்குப் பிழையான நடிப்பைக் காட்ட நேர்ந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உண்மையான பிழையையே காட்டுங்கள், அது கைவசம் நிறைய இருக்கும்.

நான் அந்த மாதிரிப் பொய்க்குப் போகவில்லை. ஆனால் சேர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிலோ, பெரிய வகுப்பப் பத்திப் பேசணும்."

பெரிய வகுப்பு என்றால் படிப்பை முடித்து வெளியே வேலை தேடப்போகும் பிள்ளைகளின் வகுப்பு. அது என்னுடையது. அந்த வகுப்புக்காகத்தான் நான் ஹாலிஎலையிலிருந்து பஸ் ஏறினேன் என்றே வைத்துக்கொள்ளலாம். லுணுகலைத் தோட்டங்களிலிருந்தும் பசறையிலிருந்தும் வரும் பிள்ளைகள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருவார்கள், பஸ்ஸில் நின்றுகொண்டே வசனம் பாடமாக்குவார்கள். நான் சொல்லும் கதைகளுக்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"வெளியில வேல தேடப் போற புள்ளைங்களுக்கு வெளியில வேல செய்றவங்கதான் சொல்லிக் குடுக்கணும். இது நான் ஒனக்காகப் போட்ட சட்டம் இல்ல, மொதல்லருந்தே இருக்கு" என்றார் சேர். "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒரு வேலையும் வராட்டி வகுப்ப மெர்சிக்குக் குடுக்கணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. அநியாயம் என்றால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கிறிஸ்மஸுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கொழும்பிலிருந்து ஓர் இளம் இயக்குநர் வந்தார். தமிழ்ப் படம். லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் எடுக்கப்போவதாகவும், முக்கியமான வேஷம் ஓர் அம்மா என்றும் சொன்னார். ஒடிஷன் எங்கள் மேல்மாடியிலேயே நடந்தது. கூடை இல்லை, கும்பிடு இல்லை, முழுப் படமும் அந்த அம்மாவைச் சுற்றித்தான். எனக்கு அந்த வேஷம் வேண்டும். வகுப்பு கைவிட்டுப் போகாமல் இருப்பதற்கும் வேண்டும், எனக்காகவும் வேண்டும். மெர்சியும் வந்திருந்தாள். ஏற்கெனவே கையில் இரண்டு வேலை இருக்கும்போது இதற்கும் வர வேண்டுமா என்று மனதுக்குள் திட்டினேன்.

நடிக்கக் கொடுத்த காட்சி சின்னது. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்த மகள் பல வருஷம் கழித்துத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வருகிறாள். அம்மா வீட்டு முன்வாசலில், இஸ்தோப்பில் நிற்கிறாள். மகள் "அம்மா" என்கிறாள். அம்மா "வந்துட்டியா" என்கிறாள். "வந்துட்டேன். ஆனா இருக்க வரல." அதற்கு அம்மா, "யாரு ஒன்னய இருக்கச் சொன்னா? உள்ள வா." அவ்வளவுதான்.

காலையில் என்னுடைய முறை. உதவி இயக்குநர் மகளின் வரிகளை வாசித்தார். எப்படி வாசித்தார் என்றால், பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிக்கிறவர் இதைவிட உயிரோடு சொல்வார். நான் என்னால் ஆனதைச் செய்தேன். கோபம் வைத்தேன், கண்ணீர் வைத்தேன், கடைசி "உள்ள வா"வில் குரலை உடைத்தேன். கீழேயிருந்து நானா சொன்ன "அழுற பாடம்" எனக்கே கேட்டது. இயக்குநர் நன்றி சொன்னார்.

மத்தியானத்துக்குப் பிறகு மெர்சியின் முறை வந்தபோது உதவி இயக்குநர் லுணுகலைக்கு இடம் பார்க்கப் போய்விட்டார். வாசிக்க ஆள் இல்லை. இயக்குநர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, நீங்க கொஞ்சம் மகளோட வசனத்த வாசிச்சுக் குடுப்பீங்களா? மெர்சி அக்காவுக்கு."

சொல்லுங்கள், என்ன செய்வீர்கள்? ஒடிஷனில் எதிரே நின்று வாசிப்பவர் கையில்தான் நடிக்கிறவருடைய பாதி உயிர் இருக்கிறது. எனக்குக் காலையில் கிடைத்த மாதிரியே தட்டையாக வாசித்தால் ஒருவரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. நீதியும் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. தாளை வாங்கிக்கொண்டு, அப்படித்தான் வாசிக்கப்போகிறேன் என்று முடிவுசெய்துகொண்டு எழுந்து நின்றேன்.

"அம்மா" என்றேன், பஸ் அறிவிப்பு மாதிரியே.

மெர்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை, ஒரு தாள்தான். ஆனால் அவள் அங்கே ஒரு பையைப் பார்த்தாள். மகள் கொண்டுவந்த பை எவ்வளவு பெரிது, எத்தனை நாள் தங்குவாள் என்று அந்தப் பையை வைத்துக் கணக்குப் போட்டாள். அந்தப் பையைப் பார்த்துத்தான் "வந்துட்டியா" என்றாள்.

வெளிநாட்டுக்குப் போய்வந்த பிள்ளைகளை வாசலில் வரவேற்ற எத்தனை அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்! எல்லோரும் முதலில் பையைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அது தெரியும், தெரிந்திருந்தும் எனக்குத் தோன்றவில்லை. நான் கண்ணீரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் பையைக் கண்டுபிடித்துவிட்டாள்.

தட்டையாக வாசிக்கும் யோசனையெல்லாம் அந்த நொடியில் போய்விட்டது. இவளை நான் நடித்தே அமுக்கிக் காட்டுகிறேன், இயக்குநர் என் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். தாளைக் கீழே போட்டேன். "வந்துட்டேன்" என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்தி, அவள் சந்தோஷப்பட நேரம் கொடுத்து, அதற்குப் பிறகு "ஆனா இருக்க வரல" என்று சொன்னேன். என்னிடம் இருந்ததையெல்லாம் அதில் கொட்டினேன். ஐம்பது தாண்டிய நான் அந்த இடத்தில் இருபத்தைந்து வயது மகளாகவே நின்றேன் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆனால் நான் எவ்வளவு கொடுத்தேனோ அவ்வளவையும் மெர்சி வாங்கிக்கொண்டாள். நான் தள்ளத் தள்ள அவள் மேலே போனாள். "யாரு ஒன்னய இருக்கச் சொன்னா" என்று அவள் சொன்னபோது அறையில் இருந்த பிள்ளைகள் மூச்சு விடவில்லை. எவ்வளவு பெரிய முட்டாள்தனம் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. அவளை அமுக்க வேண்டுமென்றால் ஒன்றும் கொடுக்காமல் நின்றிருக்க வேண்டும்.

வேஷம் மெர்சிக்குப் போனது. இயக்குநர் என் தோளைத் தொட்டு, "அக்கா, நீங்க நல்லா வாசிச்சீங்க" என்றார். நடிக்கப் போன இடத்தில் நன்றாக வாசித்தாய் என்று பெயர் வாங்குவதைவிட மோசமான பாராட்டை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு மெர்சி கொடுத்த கரட்டை நான் வாங்கவில்லை. வீட்டில் நிறையக் கிடக்கிறது என்றேன். அவள் நம்பின மாதிரி தலையாட்டினாள்.

படப்பிடிப்பு தொடங்கியது. ஒருநாள் சாயங்காலம் என் போன் அடித்தது. மெர்சி.

"அக்கா, ஒரு ஒதவி கேக்கணும். கோவிச்சுக்காதீங்க."

"சொல்லு."

"அந்த இஸ்தோப்பு சீன் எனக்கு வரமாட்டேங்குது. இன்னைக்குப் பூரா எடுத்தாங்க. மகளா நடிக்கிற புள்ளையோட பக்கம் நேத்தே முடிஞ்சிருச்சு. இப்ப அது கமராவுக்குப் பக்கத்துல நின்னு சும்மா வசனத்த சொல்லுது. எனக்கு ஒண்ணுமே வரல. நாளைக்கும் வராட்டி என் மொகத்த விட்டுட்டு முதுகுப் பக்கமிருந்து எடுத்துக்கிறேன்னுட்டாரு டைரக்டர்." குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வந்து நில்லுங்கக்கா. நீங்க நின்னா எனக்கு வரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. நான் கேட்டுக் கிடைக்காத வேஷத்தை வாங்கிக்கொண்டு, அதை நடிக்கவும் என்னையே கூப்பிடுகிறாள்! முதுகில் எடுத்தால் எடுக்கட்டுமே. படத்தின் உயிரே அந்தக் காட்சிதான். அதில் அவள் முகம் இல்லாவிட்டால் அவளைப் பற்றிப் பேச என்ன இருக்கும்? நான் வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாலே போதும்.

"கமராவுல நான் தெரிவேனா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இல்லக்கா" என்றாள்.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். யோசித்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அந்த முகத்தை, அந்த "வந்துட்டியா"வை, நான் பார்த்திருக்கிறேன். அது இல்லாமல் படம் வெளிவந்தால் அதை எடுத்துக் கெடுத்தவர்களில் நானும் ஒருத்தியாக இருப்பேன். மெர்சி தோற்க வேண்டும் என்று நினைப்பது வேறு. நல்ல நடிப்பு ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அதைச் சாகவிடுவது வேறு. அது என் தொழில் அல்ல. காலையில் பசறை வழியாக லுணுகலை பஸ்ஸில் ஏறினேன். கையில் என் பழைய பை. குடை, சோற்றுப் பார்சல், ஒரு ஸ்வெட்டர்.

அங்கே போனதும் தரையில் சின்னதாக டேப் ஒட்டி இங்கே நில்லுங்கள் என்றார்கள். கமராவின் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் ஓர் இடம். மெர்சி என்னைப் பார்த்தால் படத்தில் மகளைப் பார்ப்பது போல் இருக்கும். மகளாக நடித்த கொழும்புப் பிள்ளை என்னைவிடக் குள்ளம், அதனால் முழங்காலை மடக்கி நிற்கச் சொன்னார்கள். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல பிள்ளை, எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தது. கமரா தன்மேல் இல்லாதபோதும் நடிக்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

முதல் டேக் சரிவரவில்லை. இரண்டாவதும் இல்லை. மெர்சியின் கண் என் கையைத் தேடிவிட்டுத் திரும்பி வந்தது. மேல்மாடியில் வெறுங்கையில் பை பார்த்தவளுக்கு, இத்தனை ஆட்கள் முன்னால், இத்தனை தோல்விக்குப் பிறகு, வெறுங்கை வெறுங்கையாகத்தான் தெரிந்தது.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போய் என் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். இயக்குநர், "கமராவுல வராதே அக்கா" என்றார். "வரவேணாம்" என்றேன்.

மறுபடி தொடங்கினோம். "அம்மா." அவள் பையைப் பார்த்தாள். சின்னப் பை. ஒருநாளைக்கு மட்டும் வந்தவளின் பை. "வந்துட்டியா." நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள், "யாரு ஒன்னய இருக்கச் சொன்னா? உள்ள வா" என்றாள். மகள் அந்த இடத்தில் பையைக் கீழே வைக்க வேண்டும், படத்துக்கு எழுதியதில் அப்படித்தான் இருந்தது. நான் வைக்கவில்லை. இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி, உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என் பொறாமையிலிருந்துதான். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. அவளுடைய இஸ்தோப்பில், அவளுடைய வெளிச்சத்தில், முழங்காலை மடக்கிக்கொண்டு நிற்க எனக்கு மனமில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அந்த மகளுக்கும் அதேதான். நான் நடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

மெர்சியின் கண் பையோடு நகர்ந்தது. அப்புறம் மெல்ல மேலே வந்து என் முகத்தைப் பார்த்தது. அவள் அழவில்லை. ஓர் அடி பின்னால் போய், கதவுக்கு வழி விட்டு நின்றாள். வரமாட்டாள் என்று தெரிந்த பிறகும் வழி விட்டு நின்றாள். இயக்குநர் கட் சொல்ல மறந்துபோனார்.

சொன்ன பிறகு எல்லோரும் மெர்சியிடம் ஓடினார்கள். நான் முழங்காலை மடக்கியபடியே நின்றுகொண்டிருந்தேன், நிமிரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெர்சிதான் வந்தாள்.

"அக்கா, பையக் கீழ வைங்க" என்றாள்.

அதற்கப்புறம்தான் வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மெர்சி எழுந்து நின்று, அந்தக் கொழும்புப் பிள்ளையோடு எடுத்த டேக்குகளில் ஒன்றை நடித்துக் காட்டினாள். பிள்ளைகள் குறை சொன்னார்கள். நான் வழக்கம்போல் பின்பெஞ்சில் இருந்தேன். கிறிஸ்மஸுக்கு முன் அதுதான் கடைசிச் சனிக்கிழமை. "வேற யாருக்கும் இந்த வாரம் வேல இருந்திச்சா?" என்று சேர் கேட்டார். அவர் என் பக்கம் பார்க்காமல் கேட்டதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

"அக்காவுக்கு இருந்திச்சு" என்றாள் மெர்சி.

"அது வசனம் வாசிச்சது" என்றார் சேர். "படத்துல இல்லையே."

"சேர், அந்தப் பெரிய வகுப்பு எனக்கு வேணும்" என்றாள் மெர்சி. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "பொய் சொல்லல. ரொம்ப நாளாவே ஆச. பக்கத்து ரூம்ல என் புள்ளைங்க கொட்டாவி விடுறப்ப, அக்கா வகுப்புல சிரிக்கிற சத்தம் சுவரு வழியா கேக்கும். எனக்கு எரியும். நடிச்சுட்டு வர்றேன், பேர் வாங்குறேன், ஆனா இந்தப் புள்ளைங்க அக்காவத்தான் தேடுதுங்க. அதனால சொல்றேன், அக்கா செஞ்சது வேலதான். என் டேக்க ஓகே பண்ண வச்சது அவங்கதான்."

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். அவள் எனக்காகப் பேசியதைவிட, அவளுக்கு என்மேல் எரிந்தது என்று கேட்டபோது வந்த சந்தோஷம்தான் பெரிது. அன்றைக்கு முழுவதும் அது நெஞ்சில் இனித்துக்கொண்டே இருந்தது. மத்தியானம் கேட்டு வாங்கி இரண்டு பங்கு கரட் எடுத்துக்கொண்டேன்.

சேர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, வேலன்னா தள்ளிவிட்ட டேக் ஒண்ணு இருக்கணுமே. நடிச்சுக் காட்டு" என்றார்.

"கமரா என் பக்கம் திரும்பவே இல்ல சேர்" என்றேன். "எல்லாமே தள்ளிவிட்டதுதான்."

முன்னால் போய், முழங்காலை மடக்கி, பையைப் பிடித்து, மெர்சிக்கு எதிரே நின்று நடித்தேன். முடிந்ததும் ஒரு பையன் கை தூக்கி, "டீச்சர், பைய ஏன் கை மாத்தினீங்க?" என்று கேட்டான்.

"பஸ்ஸுக்கு நேரமாகிருச்சு" என்றேன்.

அந்தச் சிரிப்புச் சத்தத்தில் கீழேயிருந்து நானா மேலே ஏறி வந்துவிட்டார். சேர் அதை வேலை என்றே ஏற்றுக்கொண்டார், வகுப்பு என்னிடமே இருந்தது. போன மாதம்தான் நானாக அதை மெர்சியிடம் கொடுத்தேன். இனி நான் இந்தப் பக்கம் வரும்போது அவள் வகுப்பில் சிரிப்புக் கேட்டால் எனக்கு எரியும். எரியட்டும். பொறாமையை விட்டுவிடுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை, விடவும் முடியாது. அது வரும்போது எதிரே நிற்பவரிடமிருந்து மட்டும் கண்ணை எடுக்காதீர்கள்.

படம் பதுளைக்கு வந்தபோது போய்ப் பார்த்தேன். தியேட்டரில் என் பக்கத்தில் லுணுகலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, தங்கள் லயத்தில் எடுத்த படம் என்று வந்திருந்தாள். அந்தக் காட்சி வந்தது. திரை முழுக்க மெர்சியின் முகம். கண் கீழேயிருந்து மெல்ல மேலே வந்தது. தியேட்டரில் மூக்கு உறிஞ்சும் சத்தம். பக்கத்துப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைய எப்படிப் பாக்குறா பாருங்க" என்றாள்.

"அது அந்தப் புள்ள இல்லங்க" என்றேன். "நான்."

"நீங்க இந்தப் படத்துல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"எந்த எடத்துலங்க?"

"இப்ப அந்தக் கண்ணு பாக்குது பாருங்க, அந்த எடத்துல."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் திரைப் பக்கம் திரும்பவே இல்லை. மெர்சி அங்கே கதவுக்கு வழி விட்டு நின்றுகொண்டிருக்க, அவளுடைய படத்திலிருந்து ஓர் ஆளையாவது நான் பிடுங்கிக்கொண்டேன்.